சுவரேறி வந்தவர்

2008-ஆம் வருடம், மே மாதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின் வரிசையில் மூன்று லேத் மெஷின்களை வைத்து ஒரு ஷெட் நடத்திக்கொண்டிருந்தேன். மின்வெட்டு எல்லாரையும் வாட்டி எடுத்த காலம் அது. பட்டப்பகலில் கரண்ட் போய்விடும், மெஷின் எல்லாம் நின்றுவிடும். அத்தனை பெரிய பேட்டையில் காக்கா கத்துவது மட்டும்தான் கேட்கும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு பேர் வாயிலிருந்து வந்ததுதான். யார் எந்த நேரத்தில் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் எப்படியோ மனதில் ஒட்டிக்கொள்ளும். அந்த வருடம் சிலர் சொன்னது இன்னும் போகவில்லை.

முதலில் பக்கத்து ஷெட்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். கொஞ்சம் நெல் வயல் உண்டு. தினமும் காலை ரயிலில் வந்து மோட்டார் வைண்டிங் வேலை செய்வார். காயில் எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, தலைமுடி மாதிரி இருக்கிற செம்புக் கம்பியை விரலாலேயே எண்ணி எண்ணிச் சுற்றுவார். மெஷினில் சுற்றியதை விட அவர் கையால் சுற்றியது அதிக நாள் தாங்கும் என்று தேடி வருகிற கம்பெனிகள் இருந்தன. காயிலை வார்னிஷில் முக்கி, கரியடுப்புச் சூட்டில் காய வைக்கும்போது நெடி தாங்காது. அதனால் எப்போதும் ஒரு துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருப்பார். பேசும்போது கீழே இழுப்பார். பேசி முடித்ததும் மேலே ஏற்றிவிடுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னை விட மூத்தவர்தான், ஆனாலும் என்னை "நைனா" என்று, அப்பா என்கிற மாதிரி, செல்லமாகத்தான் கூப்பிடுவார்.

எங்கள் இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கனமான சாமான் தூக்குகிற செயின் பிளாக்கும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். யாருக்கு வேண்டுமோ அவர் எடுத்துக்கொள்வார், கேட்பதில்லை. ரோட்டைச் சுற்றி வந்தால் ஐந்து நிமிடம் ஆகும் என்று சுவரில் இரண்டு இடத்தில் செங்கல்லைப் பெயர்த்துக் கால் வைக்கப் படி மாதிரி செய்திருந்தோம். பதினோரு வருடம் அவர் அந்தச் சுவரேறித்தான் வந்தார். காலையில் நாஷ்டா பொட்டலமும் அந்தச் சுவர் மேல்தான் கை மாறும்.

அந்த வருடத் தொடக்கத்தில் அவர் ஷெட் பூட்டை உடைத்து, ஒரு மூட்டை செம்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பறிகொடுத்தவர் அவர். தூக்கம் போனது எனக்கு.

அவர் சிரித்துக்கொண்டே, "வுடு நைனா. திருடுனவன் அத்த எந்தக் கடையில போட்டாலும் கடசீல சுத்திக்கினு எங்கிட்டதான் வரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் மேல் சிமெண்ட் பூசி, உடைந்த பாட்டில் கண்ணாடியைக் கூர் மேலே பார்க்கப் பதித்தேன். செங்கல் படியையும் அடைத்துவிட்டேன். அவர் அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"இன்னா நைனா, எனக்குமா?"

"திருடனுக்குண்ணே" என்றேன். அவர் துண்டை மேலே ஏற்றிக்கொண்டார். மறுநாளிலிருந்து ரோட்டைச் சுற்றிக்கொண்டு கேட் வழியாக வந்தார்.

கண்ணாடி பதித்தும் எனக்குத் திருப்தி இல்லை. துப்பாக்கி வேண்டும் என்று தோன்றிவிட்டது. வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு கைத்துப்பாக்கி. பயம் பாதி, பந்தா பாதி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் பழைய துப்பாக்கிக் கடை ஒன்றை விசாரித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பழவேற்காட்டுப் பக்கத்து பாய். நம் ஊர்க்காரர் என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரிவால்வர் இருந்தது. கையில் கொடுங்கள் என்றேன்.

"லைசென்ஸ்?"

"இனிமேதான் பாய் போடணும்."

"அப்ப கண்ணால பாருங்க. யாரச் சுடப் போறீங்க?"

"திருடன."

"மொகம் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத மொகத்தச் சுடுறதுக்கா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்தீங்க? மொதல்ல ஒரு நல்ல டார்ச் லைட் வாங்குங்க. வர்றது யாருன்னு தெரியும். அதுக்கு லைசென்ஸும் வேணாம்."

கடையிலிருந்த இன்னொருவர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுண்டிப் போனது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். ஆனாலும் லைசென்ஸுக்காகத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மனு போட்டேன். எங்கே பார்த்தாலும் விசாரணை என்றார்கள். தாலுகா ஆபீஸில் விசாரணை, போலீஸில் விசாரணை. நான் நல்லவன்தான் என்று அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து ஷெட்காரர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன். வேறு யார் பெயரைக் கொடுப்பது?

வாரங்கள் போயின. எனக்குப் பொறுமை இல்லை. ஒருநாள் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டரில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்தபோது, இன்டர்நெட்டில் துப்பாக்கி கிடைக்குமா என்று அதை நடத்துகிற பெண்ணிடம் கேட்டேன். அந்தப் பெண் தட்டிப் பார்த்து ஒரு படத்தைக் காட்டியது. ஏர் பிஸ்டல். காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டு பறக்கும். லைசென்ஸ் தேவையில்லை என்று போட்டிருந்தார்கள். பார்வைக்குக் கடையில் பார்த்த நிஜத் துப்பாக்கி மாதிரியே கறுப்பாக இருந்தது.

"என்னென்ன கேக்கறாங்கம்மா?"

"பேரு, அட்ரஸ், பின்கோடு. அவ்ளோதாண்ணே."

யாரைச் சுடப் போகிறாய் என்று அந்தத் திரை கேட்கவில்லை. எனக்கு அது மரியாதையாகத் தோன்றியது. பாயை ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். பத்து நாளில் கூரியரில் அட்டைப் பெட்டி வந்தது. மேலே விளையாட்டுச் சாமான் என்று எழுதியிருந்தது. மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துக் குறி பார்ப்பேன். பக்கத்து ஷெட்காரரிடம் மட்டும் காட்டவில்லை. சிரிப்பாரே என்று கூச்சம்.

அன்றைக்கு மதியம் கரண்ட் இல்லை. என் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். திருட்டுக்குப் பிறகு வந்த பழக்கமாக கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, ஷெட்டின் பின்பக்கம் மேஜையை ஒட்டிய பலகையில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப் போனேன். செல்போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது.

சுவர்ப் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டு விழித்தேன். கண்ணாடி மேல் சாக்குப் பை ஒன்று மடித்துப் போடப்பட்டிருந்தது. அதன் மேல் இரண்டு கைகள். பிறகு ஒரு தலை எழும்பியது. மூக்கும் வாயும் துண்டால் மூடிய முகம்.

அந்தத் துண்டைப் பதினோரு வருடம் பார்த்தவன் நான். வார்னிஷ் கறை படிந்த அந்தப் பச்சைத் துண்டு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிடம் நான் பார்க்கவில்லை. திருடனை எதிர்பார்த்து எதிர்பார்த்து, வந்தவன் திருடன் என்று முடிவு செய்துவிட்டேன். டிராயரை இழுத்துப் பிஸ்டலை எடுத்தேன். "எவன்டா அது, சுட்ருவேன்!" என்று கத்தினேன். கத்தி முடிக்கும் முன்பே சுட்டும்விட்டேன்.

குண்டு மேலே எங்கேயோ தகரத்தில் பட்டு டங்கென்றது. அவர் மேல் படவில்லை. ஆனால் அவர் அதிர்ந்து பின்னால் சாய்ந்தார். விழாமல் இருக்க வலது கையை வீசிச் சுவரைப் பிடித்தார். பிடித்த இடத்தில் சாக்கு இல்லை. உடம்பு பாரம் முழுக்க அந்தக் கையில் இறங்கியது. நான் பதித்த கண்ணாடி.

என் பக்கமாகத்தான் விழுந்தார். இடது கையால் துண்டைக் கீழே இழுத்தார். அப்போதும் பேசுவதற்குத் துண்டை இழுக்கிற அந்தப் பழக்கம்.

"இன்னா நைனா... என்னத் தெரியலியா?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அப்போது நான் செய்த காரியத்தை எழுதவே கை கூசுகிறது. ரத்தம் கொட்டுகிற அவர் கையைப் பிடிப்பதற்கு முன்னால், பிஸ்டலை இரும்புப் பிசிறு போடும் டிரம்மில் புதைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யோவ், இன்னாய்யா சத்தம்?" என்று அதிகாரக் குரல் ஒன்று கேட்டதுதான் காரணம். நான் ஒளித்ததை அவர் கீழே கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்திருந்தது போலீஸ்காரர். என் லைசென்ஸ் விசாரணைக்காக வந்து, பக்கத்து ஷெட்டில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறார். என் போட்டோ இரண்டு வேண்டும், இப்போதே கொடுத்தால் இன்றைக்கே ரிப்போர்ட் போய்விடும் என்றிருக்கிறார். இவர் போன் அடித்துப் பார்த்திருக்கிறார். கேட்டில் வந்து நாலு தரம் கூப்பிட்டிருக்கிறார். நான் எழவில்லை. போலீஸ்காரர் கிளம்பிவிட்டால் என் காரியம் இன்னும் ஒரு மாதம் இழுக்குமே என்று, ஸ்டூல் போட்டு, சாக்கை விரித்துச் சுவரேறியிருக்கிறார். எனக்காக.

நான் போய்க் கேட்டைத் திறந்தேன். போலீஸ்காரர் உள்ளே ஓடி வந்து, "இன்னா ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே கீழே கிடந்தவர் முந்திக்கொண்டார்.

"திருடன்னு நெனச்சி நைனா கத்திட்டாரு, எனக்குக் கால் வழுக்கிருச்சி சார். தகரத்துல இடிச்சிக்கினு வுழுந்துட்டேன். சவுண்டு அதான்."

"வயசுக்கேத்த வேலையாய்யா இது? கேட்டாண்ட நிக்க வேண்டியதுதானே!" என்று திட்டிவிட்டு, போலீஸ்காரர் ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். ஆட்டோவில் அவர் கையைத் துணியால் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எவ்வளவோ முயன்றேன். அவர்தான் பேசினார். "அடுப்புல காயிலு கீது நைனா. ஆள அனுப்பி எடுக்கச் சொல்லு. கருகிடும்."

கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு சென்னைக்கு அனுப்பினார்கள். நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். காயம் ஆறியது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாக மடங்கவில்லை. செம்புக் கம்பியை எண்ணுகிற இரண்டு விரல்கள்.

பிஸ்டலை லேத்தில் மாட்டித் துண்டு துண்டாக அறுத்தேன். சுவரிலிருந்த கண்ணாடியை உளியால் ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்தேன். அடைத்த படியை மறுபடி திறந்தேன். அதெல்லாம் அவருக்கு எந்த விரலையும் திருப்பித் தரவில்லை.

லைசென்ஸ் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கிறவருக்கு ஆச்சரியம். "ஏன்யா, ரிப்போர்ட் சூப்பராத்தானே கீது. பக்கத்து ஷெட்காரர் இன்னா சொல்லியிருக்காரு தெரியுமா?" என்று ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

"இவரைப் பதினோரு வருடமாக எனக்குத் தெரியும். நல்ல மனிதர். கோபம் வந்தாலும் கை ஓங்க மாட்டார். இவர் கையில் துப்பாக்கி இருந்தால் பக்கத்தில் இருக்கிற எங்களுக்குத் தைரியம்தான்."

கீழே அவர் கையெழுத்து. தெலுங்கில் சுழித்துச் சுழித்து, ஒரு காயிலைச் சுற்றிய மாதிரி அவ்வளவு அழகாக இருக்கும் அவர் கையெழுத்து. அதைப் போட்டுக் கால் மணி நேரத்தில்தான் அந்தக் கை என் சுவரைப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் போட்ட கையெழுத்துகளையும் நான் பார்த்திருக்கிறேன். இடது கையால், குழந்தை எழுதியது போல. அவருடைய வலது கை கடைசியாகச் செய்த நல்ல வேலை, நான் நல்லவன் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டதுதான்.

ஒரு வருடம் ஆளை வைத்து ஷெட்டை ஓட்டிப் பார்த்தார். அவர் கைக்காகத்தான் கம்பெனிகள் வந்தன. அது இல்லை என்றதும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மூடிவிட்டு வயலைப் பார்க்க ஆரம்பாக்கத்துக்கே போய்விட்டார். நடந்தது என்னவென்று இன்றுவரை அவர் மனைவிக்கும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். செயின் பிளாக்கை மட்டும் நானே வைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்.

துப்பாக்கிக் கடைக்கு மறுபடி ஒருமுறை போனேன். பாய் என்னை மறந்திருந்தார். பாதியில் வைத்த டீயைக் குடிக்க வந்தேன் என்றேன். விளங்காமல் சிரித்துக்கொண்டே டீ சொன்னார். வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் ஒரு டார்ச் லைட் வாங்கினேன்.

பொங்கலுக்குப் பொங்கல் அவருக்குப் போன் செய்வேன். நன்றாகத்தான் பேசுவார். விளைச்சல், மழை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் சொல்வார். ஒரு வார்த்தை குறையாகப் பேசியதில்லை. ஆனால் அந்த மதியத்தோடு அவர் பேச்சிலிருந்து "நைனா" போய்விட்டது. "நல்லா கீறீங்களா சார்?" என்றுதான் இப்போது ஆரம்பிப்பார். அன்றைக்கு ஆட்டோவில் "ஆள அனுப்பி எடுக்கச் சொல்லு" என்றவர்தான், கடைசியாக என்னிடம் உரிமையோடு ஒருமையில் பேசிய அந்தப் பக்கத்து ஷெட் மனிதர். என்னைத் தெரியவில்லையா என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அவர் "சார்" என்று கூப்பிடும்போதெல்லாம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிற இடத்தில் நான் நிற்கிறேன், ஆனால் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.