சங்கத்துக்குத் தெரிந்த ஒரே போட்டி

பெரம்பலூர் ஜவுளிக்கடையில் வாரமெல்லாம் சேலை மடிக்கிற வெற்றிச்செல்வியின் கை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் எதிராளியின் கணுக்காலைத் தேடும். பூலாம்பாடிக்காரி. பிடித்தால் விடமாட்டாள். கபடி ஆடுகிற ஊர்களில் அவளுக்குப் பேரே 'பூட்டு'.

அந்தப் பூட்டுக்கே பூட்டுப் போட்டார் கபடிச் சங்கச் செயலாளர் குருமூர்த்தி. அரியலூரில் ஒரு சிமெண்டு வியாபாரி சங்கத்தைக் கேட்காமல் தனியாக நடத்திய லீக்கில் ஆடிவிட்டாளாம். இரண்டு வருடத் தடை. மாநில அணிக்கான தேர்வோ அடுத்த வாரம். அவளுக்கு வயது இருபத்தெட்டு. இரண்டு வருடம் போனால் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காது.

வக்கீல் அம்பிகாவைக் கூட்டிக்கொண்டு சங்க ஆபீசுக்குப் போனாள்.

"போட்டிச் சட்டப்படி இந்தத் தடை தப்புங்க சார்," என்றார் அம்பிகா.

குருமூர்த்தி கபடி விதிப்புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். "எந்த விதிங்கம்மா? கோட்டுல தப்பா, மூச்சுல தப்பா?"

"களத்துல ஆடுற போட்டி இல்லங்க. கடைக்குக் கடை போட்டி. இன்னொருத்தர் கடை போடக் கூடாதுன்னு நீங்க மறிக்கக் கூடாது."

"நாங்க என்ன கடையா வச்சிருக்கோம்? சேவை பண்றோம்மா."

"டிக்கெட் விக்கிறீங்களா?"

"பின்ன?"

"விளம்பரப் பலகை?"

"மைதானத்தச் சுத்தி நம்ம பலகைதான். யூடியூப்காரனுக்கு மேட்சக் காட்டுற உரிமையையும் நாமதான் விப்போம். நம்மளக் கேக்காம இந்த ரெண்டு மாவட்டத்துல ஒருத்தன் கோடு கிழிச்சிருவானா?" அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

அம்பிகா பேசவில்லை. வெற்றிச்செல்விக்கு அந்த மௌனம் தெரியும். கபடி பாடி வந்தவள் ஒரு எட்டு அதிகமாக உள்ளே வந்துவிட்டால், பிடிக்கிறவர்கள் இப்படித்தான் சும்மா நிற்பார்கள்.

"அண்ணே, நல்லா உள்ள வந்துட்டீங்க," என்றாள்.

"காசுக்கு விக்கிறீங்க, வேற யாரையும் விக்க விடமாட்டேங்கிறீங்க," என்றார் அம்பிகா. "டெல்லியில போட்டி ஆணையத்துல நான் நிரூபிக்க வேண்டியத நீங்களே சொல்லிட்டீங்க சார்."

"போட்டி ஆணையமா? அவங்க எப்ப மேட்ச் வைக்கிறாங்க? நம்ம டீமுக்கும் ஒரு என்ட்ரி போடலாமே."

"அவங்க அபராதம்தான் வைப்பாங்க."

குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். சங்கத்தின் லெட்டர்பேடை இழுத்தார். பிறகு, 'கருணை அடிப்படையில்' தடையை நீக்குவதாக எழுதினார். அந்த இரண்டு சொல்லையும் அடிக்கச் சொன்னாள் வெற்றிச்செல்வி. அடித்தார்.

தேர்வில் முதலில் பாடி வந்தவள் குருமூர்த்தியின் அண்ணன் மகள். வெற்றிச்செல்வி கணுக்காலைத் தொடவில்லை. இடுப்போடு தூக்கி, அலுங்காமல் கீழே வைத்தாள், கருணை அடிப்படையில்.