கதவிடுக்கில் எட்டுப் பக்கம்

அந்த வருடம் என் வேலையே அமெரிக்காவில் யாரோ ஜெராக்ஸ் போட்ட பழைய தாள்களைப் படிப்பதுதான். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு டேட்டா கம்பெனி. அமெரிக்காவிலுள்ள ஒரு நூலகம் தன்னிடமுள்ள ‘ஜீன்’களை ஸ்கேன் செய்து அனுப்பும். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று நாங்கள் சில வரிகள் எழுதித் தர வேண்டும். ஜீன் என்றால், ஒரு ஆள் தானே எழுதி, தானே நகலெடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, முன்பின் தெரியாதவர்களுக்குத் தபாலில் அனுப்பும் குட்டிப் பத்திரிகை. அறிவியல் கதைகளின் ரசிகர்கள்தான் முதலில் கார்பன் தாளிலும் சைக்ளோஸ்டைலிலும் இதை ஆரம்பித்தார்கள். பிறகு பாட்டுக் கோஷ்டி வைத்திருந்த பையன்கள், ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் முதலாளிக்குத் தெரியாமல் போட்டார்கள். அதற்கும் பிறகு பெண்கள் வந்தார்கள். வீட்டிலும் தெருவிலும் தங்களுக்கு நடந்ததை, வேறு யாரிடமும் சொல்ல முடியாததை, கத்தரித்து ஒட்டிய எழுத்துகளில் எழுதினார்கள். பின்பக்கத்தில் சொந்த வீட்டு முகவரியையே போட்டிருப்பார்கள்.

அந்த முகவரிகளைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பதும் என் வேலை. கொஞ்சம் பேருக்கென்று எழுதியதை இனி யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் அல்லவா. மறைக்கும்போதெல்லாம் இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்தது என்று யோசிப்பேன். எனக்கு அது சுத்தமாகக் கிடையாது.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். வெளியே போகும்போது ரூமுக்குச் சொந்தப் பூட்டு போடக் கூடாது என்பது அங்கே விதி. கதவிலேயே இருக்கும் பூட்டின் இன்னொரு சாவி கீழே ஆபீஸில் தொங்கும். கொஞ்ச நாளாகவே வேலை முடிந்து வந்தால் கொடியில் போட்ட துணி இடம் மாறியிருந்தது. தலையணை சுவரை விட்டுத் தள்ளிக் கிடந்தது. எதுவும் திருடு போகவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

என் ரூம்மேட் ஒரு லேபில் டெக்னீஷியன், சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில். ஒருநாள் உடம்பு சரியில்லை என்று பாதியிலேயே திரும்பி வந்தவள், கதவைத் திறந்தபோது என் கட்டிலில் ஹாஸ்டல் ஓனரின் தம்பி உட்கார்ந்திருந்தானாம். ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் எழுந்து போனானாம். என் தலையணை அவன் மடியில் இருந்தது என்பதை அவள் கடைசியாகத்தான் சொன்னாள். மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

நான் வார்டன் அக்காவிடம் போனேன். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தவர், புருஷன் இல்லை. ஸ்கூல் படிக்கும் மகளோடு ஹாஸ்டலிலேயே ஒரு ரூமில் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஃபேன் பார்க்க வந்திருப்பார், இதைப் பெரிசு பண்ணாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குச் சொல்லலாமென்றால், வேலையை விட்டுவிட்டு வா என்பார்கள். போலீசுக்குப் போனாலும் முதலில் வீட்டுக்குத்தான் போன் போகும். அன்றிலிருந்து ரூமில் தனியாகப் படுத்தேன். தாழ்ப்பாள் போட்ட பிறகும் கதவைப் பார்த்தபடியே கிடப்பேன். குளிக்கப் போனாலும் சீக்கிரம் ஓடி வந்துவிடுவேன்.

ஒரே தாளை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் வரும் என்பதை வேலையில் ஒரு ஸ்கேனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த ரூம், யார் பார்த்தது என்று தெரியாதபடி நடந்ததை அப்படி எழுதினேன். என் கையெழுத்து தெரியாமலிருக்க ஸ்கேல் வைத்து எழுத்துகளைக் கோடு கோடாக இழுத்தேன். பெயர் போடவில்லை. நகலெடுக்க ரயிலேறி குரோம்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் தாளை மெஷினில் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் படித்தார். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றதும், வெளியே வந்த பிரதிகளைக் கவிழ்த்து வைத்தார்.

அன்று சாயந்திரம் எல்லோரும் டிபன் சாப்பிடக் கீழே போயிருந்தபோது ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒன்றைத் தள்ளினேன். அவசரத்தில் ஒன்றிரண்டு பாதி வெளியிலேயே நின்றுவிட்டன. திரும்பிப் போய் அவற்றைத் தள்ளிவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு ஹாலில் எல்லோரையும் கூட்டினார்கள். ஓனர் கையில் என் எட்டுப் பக்கம் இருந்தது. அவர் சத்தமே போடவில்லை.

“எழுதுனது யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்மா. இந்த ஏரியால ஜெராக்ஸ் கடை எத்தனை இருக்கப்போவுது? கேட்டா சொல்லிடுவான்.”

அவர் பக்கத்தில் வார்டன் அக்கா நின்று, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் பார்வை நின்றது. மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். அக்காவோ, இந்தப் பெண்களில் ஒருத்தியோ என்னைக் காட்டினால் அவ்வளவுதான், என் பெட்டியைத் தெருவில் வைத்துவிடுவார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கலைந்தது.

அடுத்து வந்த நாட்களில் பிளாட்பாரத்தில் யார் பின்னால் வந்தாலும் நின்று வழிவிட்டேன். வேலையில் ஒவ்வொரு முகவரியையும் சரியாக மறைத்தேனா என்று இரண்டு மூன்று முறை திரும்பப் பார்த்தேன்.

அப்புறம் ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம், ரூமில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு வெளியே இரண்டு கால்களின் நிழல். ஒரு தாள் மெதுவாக உள்ளே வந்தது. நிழல் போய்விட்டது. ஓனரின் தம்பிதான் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்துக் காலாலேயே அதை இழுத்துப் பார்த்தேன். கார்பன் வைத்து எழுதிய நீல எழுத்துகள், நிறைய அழுத்தி.

செவ்வாய், வெள்ளி காலையில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அவன் வருகிறான், எல்லா ரூம் சாவியும் அவனிடம் இருக்கிறது, உங்கள் ரூமுக்கு மட்டும் வருகிறான் என்று நினைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. ஒரு ஆள் பூட்டு வாங்கிப் போட்டால் துரத்திவிடுவார்கள், எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள் என்று முடிந்திருந்தது. வெளியே ஒவ்வொரு கதவாகத் திறக்கும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் வந்திருந்தது.

எதிர் ரூமில் இருந்த நர்ஸ் தாளோடு வந்து என் வாசலில் நின்றாள். “என் ரூம்லயும் துணி கலைஞ்சிருந்துச்சு. நான்தான் மறந்து எங்கயோ வெச்சிட்டேன்னு நெனச்சேன்,” என்றாள். அவளோடு நானும், இன்னும் சிலரும் சேலையூர் ரோட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். மறுநாள் காலை எல்லாக் கதவிலும் பூட்டு தொங்கியது. நான் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஓனர் வந்து மாடி வராந்தாவில் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுப் போனார். அத்தனை பேரையும் வெளியே அனுப்ப அவரால் முடியவில்லை. தம்பியை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

பார்க்கவில்லையே தவிர பயம் போகவில்லை. சில மாதங்கள் கழித்து நானும் நர்ஸும் மாடம்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்துக் கிளம்பினோம். ஆட்டோவில் சாமான் ஏற்றும்போது வார்டன் அக்கா என் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். நர்ஸ் மேலே போயிருந்தாள்.

“அந்த நீல எழுத்து நான்தான்,” என்றார். “அந்த புக்கை எழுதுனது நீதான்னு நெனச்சேன், அன்னிக்கு ஹால்ல உன் மூஞ்சியைப் பாத்ததும் தெரிஞ்சிகினேன்.”

அப்படியென்றால் நான் வந்து சொன்னபோது ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“என் ரூம் சாவியும் அவன் கிட்டதான் கீது. எனக்கும் பொண்ணு கீது. அவன் அண்ணன் துரத்துனா நான் எங்க போவேன்? உன் புக்கைப் படிச்சப்புறம்தான், சரி, பேர் போடாம எழுதலாம் போலன்னு தோணுச்சு.”

இப்போது உங்கள் ரூமுக்குப் பூட்டு போட்டுவிட்டீர்களா என்றேன். போட்டேன் என்றார். ராத்திரி மகளைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்துத் தான் கதவுப் பக்கம் படுப்பதாகவும் சொன்னார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று வாய் வரை வந்தது. புது வீட்டில் இருப்பதோ ஒரே ரூம். நான் சொல்லவில்லை. நர்ஸ் இறங்கி வந்ததும் அக்கா பக்கெட்டை என் காலடியில் வைத்துவிட்டு, நான் ஹாஸ்டல் சாவியைத் திருப்பித் தரவில்லை என்று சத்தமாகக் கேட்க ஆரம்பித்தார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாடி ஜன்னலில் ஓனர் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.