முதலாளியின் கொலோனும் பெரிஹானின் மூன்று குடுவைகளும்

சாராயத்துக்கு வக்காலத்து வாங்க உங்களுக்குத் துணிச்சல் உண்டா? ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத பெரிஹானுக்கு இருந்தது.

துருக்கியின் கெப்ஸே நகரில் சாய மூலப்பொருள் செய்யும் ஆலையொன்றின் வேதியியலாளர் அவள். அய்தினில் பேருந்து ஓட்டியவரின் மகள். எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறிப்பாள். பெண் பார்க்க வருகிறவனின் காபியில் விளையாட்டாக உப்புப் போடுவது ஊர் வழக்கம். இவளோ இனி ஒரு கல் உப்பும் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை திரும்பி வரவில்லை. இவளும் தேடவில்லை.

ஆலையில் நைட்ரோ சேர்மம் ஒன்றை எத்தனால் என்கிற சாராயத்தில் கரைத்து, வினையைத் தூண்டப் பல்லேடியம் ஏற்றிய கரித்தூளைப் போட்டு, மூடிய கலனுக்குள் ஹைட்ரஜனை அழுத்திச் செலுத்துவார்கள். வருடக்கணக்காகப் பிசகில்லாமல் நடந்த வேலை. முதலாளி வெஹ்பி மெக்காவுக்குப் புனிதப் பயணம் போய்வந்ததும், "இனி என் கூரைக்குக் கீழ சாராயம் கிடையாது" என்று அறிவித்தார். "அதை யாரும் குடிக்கிறதில்லையே" என்று பள்ளிவாசல் மதகுருவே சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. எத்தனால் போய், பெட்ரோல் வகைக் கரைப்பானான ஹெப்டேன் வந்தது.

வெஹ்பியும் படித்த பொறியாளர்தான். "ஹெப்டேன்ல ஹைட்ரஜன் அதிகமாக் கரையும். வேலை இன்னும் வேகமா நடக்கும்" என்றார். முதல் பாதி உண்மை; பாதி உண்மைதான் ஆபத்து.

கலன் முரண்டு பிடித்தது. ஹைட்ரஜனைத் தொடவே மாட்டேன் என்றது. வெஹ்பி அதன் கழுத்தில் கண்ணேறு போக்கும் நீலக் கண்மணி கட்டினார். கண்ணேறு கழியவில்லை. அடுத்து, பழி சுமக்க ஆள் தேடினார். கலனை இயக்கும் துர்முஷ் அகப்பட்டார். சாப்பாட்டுக் கூடத்தில், எல்லார் முன்னாலும்: "தூங்கிக்கிட்டா வேலை பாத்த? வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ!" ஓய்வூதியத்துக்கு ஒரே ஒரு குளிர்காலம் பாக்கியிருந்த மனிதர் அவர்.

மறுநாள் பெரிஹான் முதலாளியின் அறைக்குப் போனாள். வருகிறவர் கையில் எலுமிச்சைக் கொலோன் என்னும் வாசனைநீர் ஊற்றுவது அங்கே மரியாதை. வெஹ்பி பாட்டிலைச் சாய்த்தார்.

"கையில வேணாம் ஐயா. பாட்டிலாவே குடுங்க."

"எதுக்கும்மா?"

"கலனுக்குக் கண்ணேறு கழிக்க."

ஆய்வகத்தில் மூன்று குடுவைகள் வைத்தாள். மூன்றிலும் கரித்தூள். காற்றை நைட்ரஜனால் விரட்டிவிட்டு ஹைட்ரஜனைத் திறந்தாள். முதல் குடுவையில் ஹெப்டேனும் நைட்ரோ சேர்மமும். இரண்டாவதில் அதே சேர்மம், முதலாளியின் கொலோனில். மூன்றாவதில் வெறும் கொலோன். வெஹ்பி கைகட்டி நின்றார். இரண்டாவது குடுவை ஹைட்ரஜனைத் தாகத்தோடு இழுத்தது. முதல் குடுவையில் கரித்தூள் களியாக உருண்டு சுவரில் ஒட்டிக்கொண்டது.

"சேர்மம் ஹெப்டேன்ல சரியாக் கரையவே இல்ல. கரைஞ்ச கொஞ்சம் ஹைட்ரஜனை வாங்கினா தண்ணி பிறக்குது. எத்தனாலா இருந்தா தண்ணியைத் தன்னோட சேத்துக்கும். ஹெப்டேன் தள்ளி வைக்குது. தண்ணி கரி மேல போய் உக்காந்துக்குது. வாசலை அடைச்சுட்டா, தெரு நிறைய ஹைட்ரஜன் நின்னு என்ன பிரயோசனம்?"

"கொலோன்ல இருக்கிற எலுமிச்சை எண்ணெயும்தான் ஹைட்ரஜன் குடிக்கும். என்கிட்டயே வித்தை காட்டுறியா?"

"அதுக்குத்தான் மூணாவது. பாருங்க, ஒரே மடக்கு. அப்புறம் ஏப்பம் விட்டுட்டு உக்காந்திருக்கு."

"கொலோன் வேற, சாராயம் வேற!"

"பாட்டில்ல அஞ்சுல நாலு பங்கு எத்தனால் ஐயா. பரவால்ல, நாளைக்குக் கலன் நிறையக் கொலோனே ஊத்துறேன். ஊரே கல்யாண வீடு மாதிரி மணக்கும்."

வெஹ்பியின் தாடிக்குள் ஒரு சிரிப்பு வந்து மாட்டிக்கொண்டது. "சரி, எத்தனாலையே வரச் சொல்லு. துர்முஷை என் அறைக்கு அனுப்பு."

"அறையில எதுக்கு? எங்க வச்சு விரட்டினீங்களோ, அங்க வச்சுச் சொல்லுங்க."

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் வெஹ்பி எழுந்து எதையோ முணுமுணுத்தார்.

"சத்தமா ஐயா," என்றாள் பெரிஹான். "சூப் உறிஞ்சுற சத்தத்துல கேக்கல."

"தப்பு என்னோடது, துர்முஷ்! கரைப்பானை மாத்தினது நான்தான். வெள்ளிக்கிழமைக்கு அப்புறமும் வழக்கம்போல வா."

"வீட்ல நல்லாத் தூங்கினேன் ஐயா," என்றார் துர்முஷ். "கலன் முன்னால என்னிக்கும் தூங்கினதில்ல."

கூடம் அதிரச் சிரித்தது. பெரிஹான் விதைத் தோலைத் துப்பினாள்.

உங்கள் வேலையிடத்திலும் ஏதாவது கெடும். கெட்டதும் எல்லாக் கண்களும் கடைசிப் படியில் நிற்பவன் மேல்தான் பாயும். அன்றைக்குத் தட்டைப் பார்த்துக் குனியாதீர்கள். என்ன மாறியது, மாற்றச் சொன்னது யார் என்று, அந்த மனிதன் வாசலைத் தாண்டுவதற்குள் எழுந்து நின்று கேளுங்கள்.