காருக்கு முதிரை, வீட்டுக்குத் தகரம்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் ஆண்தான் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். என் வீடும் வளவும் என் உம்மா எனக்குத் தந்தவை, நான் என் ஒரே மகளுக்குக் கொடுக்க வேண்டியவை. என் புருஷனுக்கு அதில் ஒரு ஓலைக் கிடுகும் சொந்தமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஒரு கிழவி புருஷனைக் குறை சொல்வதாகத்தான் படும்.

இவர் அரிசி ஆலையில் லொறி ஓட்டியவர். கைவேலை தெரிந்தவர், அதை நான் மறுக்க மாட்டேன். எழுபத்தெட்டில் பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம், யாரோ கைவிட்டிருந்த பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை லொறியில் கட்டி இழுத்து வந்தார். இங்கிலாந்துக் கார். முன்பாதி தகரம், பின்பாதிக்கு மரச்சட்டம், பின்னால் திறக்கிற இரட்டைக் கதவும் மரம். அந்த மரம் தொட்ட இடத்தில் மாவாகக் கொட்டியது. வேலிக் கடப்பைக் கழற்றித்தான் அதை வளவுக்குள் தள்ளினார்கள்.

"இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓட வைப்பன்."

"ஓட்டி எங்க போற?"

"உன்னக் கண்டிக்குக் கூட்டிப் போறன் புள்ள. முன் சீட்டில வெச்சி."

கண்டி எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அதே சாதியில் இன்னொரு கார் வந்தது. புயலில் தென்னை விழுந்து கூரை நசுங்கினது. அதன் எஞ்சின் நல்லது என்றார். அதற்குப் பிறகு அம்பாறைப் பக்கமிருந்து மூன்றாவது. அதில் எஞ்சின் இல்லை; கியர் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் முன்கதவுகளுக்கும் எடுத்தாராம். இரண்டையும் கழற்றி ஒன்றுக்குள் போடுவதுதான் வேலை. மாமரத்தடியில் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தேன். அதன்மேல் டயரும் சில்லுகளும் கிடந்தன. கிணற்றடி வரை எண்ணெய். வேலிக்கு அந்தப் பக்கத்து ராத்தா எட்டிப் பார்த்துக் கேட்பா:

"என்னகா, உங்கட வளவில காருக்கு மையவாடி போட்டிரிக்கா?"

"ஓம் ராத்தா. உங்கட மாப்பிள்ளைட சைக்கிளும் மவுத்தானா அனுப்புங்க, அடக்குவம்" என்பேன். சிரிப்பா. நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

புயல் எங்கள் வீட்டு முன்கதவை நிலையோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு தகரத்தை அடித்து வைத்திருந்தோம். புதுக் கதவுக்கும் நிலைக்கும் என்னிடம் முதிரைப் பலகை இருந்தது. என் வாப்பா மவுத்தாகுமுன் காட்டுப் பக்கம் போய் வாங்கி, வண்டியில் கொண்டுவந்து, சமையல் குசினிப் பரணில் ஏற்றிவைத்த பலகை. "இது பேத்திட வாசலுக்கு" என்று சொல்லித்தான் ஏற்றினார். மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியதும் தச்சு ஓடாவியைக் கூப்பிடலாம் என்று இருந்தேன்.

வெள்ளாண்மை வெட்டு நேரம் வரிப்பத்தான்சேனைக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து கடப்படியில் இறங்கும்போதே சீவுளி இழுக்கிற சத்தம். முதிரை மணம். வளவெல்லாம் மஞ்சளாகச் சீவல். காரின் பின்பாதிக்குப் புதுச் சட்டம் ஏறி நின்றது.

"எங்க என்ட பலக?"

இவர் நிமிரவே இல்லை. "பலக எங்க போற? நம்மட வளவுக்கதானே இரிக்கி."

"அது மகள்ர கதவு."

"கதவுக்கு வேற மரம் எடுக்கலாம் புள்ள. இதுக்கு முதிரதான் நிக்கும்."

நான் கத்தவில்லை. நான் கத்துகிறவள் அல்ல. உள்ளே போய் மகளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். தகரக் கதவைச் சாத்தினேன். காற்றுக்கு அது ஆடுகிற சத்தம் எனக்கு அன்றுதான் பெரிதாகக் கேட்டது.

கார் முடிந்தது. தகரத்துக்குப் பச்சை மை அடித்திருந்தார். பொலிஷ் பூசிய முதிரை வெயிலில் தேன் மாதிரி மின்னியது. அதை நிறுத்த, கூரைக்கு ஓடு போட்டு, சீமெந்துத் தரையோடு கொட்டிலும் கட்டினார். என் குசினிக்குக் கிடுகுதான்.

சாய்ந்தமருதிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பொத்துவிலில் படிப்பிக்கிற வாத்தியார். மகளுக்குப் பிடித்திருந்தது, வாயால் சொல்லவில்லை, அன்று காலை தானாகவே முற்றம் கூட்டினாள். மாப்பிள்ளையின் உம்மாவும் மாமாவும் வீடு பார்க்க வந்தார்கள். நானும் மகளும் உள்ளறையில் சீலை மறைப்புக்குப் பின்னால் நின்றோம்.

விறாந்தையில் இவர் பெரிய மனுஷனாகக் கதைத்தார். "ஊடு, வளவு, தென்னை எல்லாம் மகளுக்குத்தான். நாங்க ஒரு மூலைக்கப் போயிருவம்."

உம்மாக்காரி தகரக் கதவைத் தட்டிப் பார்த்தா. பிறகு கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தா.

"நல்ல ஊடுதான். காருக்கு முதிரக் கதவு, ஊட்டுக்குத் தகரக் கதவு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாக்காரர் சட்டத்தைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "மச்சான், பொத்துவிலுக்குப் போய்வர எங்கட பொடியனுக்கு இது தோதா இரிக்கும். ஊட்டோட இதையும் சேருங்களேன்."

இவருடைய குரல் மாறியது. "அது ஏலா. கார் என்ட. நான் என்ட கையால செய்த."

"என்ன மச்சான், ஊட்டயே தாற மனுசனுக்குக் காரத் தர ஏலாதா?"

அப்போதுதான் நான் சீலைக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "ஊடு அவர்ர இல்ல தம்பி. அதாலதான் லேசாத் தந்திட்டார்."

தேத்தண்ணியைக் குடித்தார்கள். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். ஒன்றும் சொல்லி வரவில்லை. என் வாயால்தான் சம்பந்தம் கெட்டது என்று இவர் பல வருஷம் சொன்னார். இன்றைக்குக் கேட்டாலும் அன்று சொன்னதையேதான் நான் சொல்வேன். மகள் மட்டும் ஒரு தரம் கேட்டாள்: "வாப்பாக்கு நான் பெருசா, அது பெருசா உம்மா?"

அவளுக்குக் காலம் பிந்தித்தான் கலியாணம் நடந்தது. மனைவி மவுத்தான ஒருவர், உரக்கடை வைத்திருந்தவர். வயது கூட. குணத்தில் குறை சொல்ல மாட்டேன். அவள் சிரித்துப் பேசி நான் கண்டதும் இல்லை. வீட்டை அவர்களுக்குக் கொடுத்தோம். இவர் காரைக் கொட்டிலை விட்டு எடுக்கச் சம்மதிக்கவில்லை. அதனால் நாங்கள் குசினிக்குள் படுத்தோம். கார் ஓட்டின் கீழ், நான் கிடுகின் கீழ். மாரியில் என் தலைமாட்டில் சட்டி வைத்துத்தான் ஒழுக்கைப் பிடித்தேன்.

எண்பதுகளின் கடைசியில் சண்டையால் பாதைகள் கெட்டுப்போயின. காரைப் பெரிய வீதிக்கு எடுக்கவும் பயம். ஒரு பின்னேரம் தோளில் துவக்கோடு நாலு பேர் கடப்பைத் திறந்து வந்தார்கள். யார் எவர் என்று கேட்கிற காலமா அது. அவர்களில் ஒருவன் கொட்டிலைக் காட்டி, "திறப்பு" என்று மட்டும் சொன்னான்.

இவர் இடுப்பு வாரில் கோர்த்துக் கிடந்த கார்த் திறப்பை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர்களின் பின்னாலேயே போனார்.

"தம்பி, ரெண்டாம் கியர் கொஞ்சம் இறுக்கம். மெள்ளமாப் போடுங்க."

கார் வீதியில் திரும்பியது. முதிரைக் கதவுதான் கடைசியாகத் தெரிந்தது. மகள் தகரம் இருந்த வாசலில், கலியாணத்துக்குப் போட்ட மாமரப் பலகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

நான் குசினிக்குள் போய்ப் பாயையும் தலையணையையும் எடுத்தேன்.

"என்ன செய்ற?" என்றார்.

"கொட்டிலுக்க போறன்."

"கொஞ்சம் பொறு புள்ள. திருப்பித் தருவாங்க."

நான் பொறுக்கவில்லை. தரையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு எண்ணெய் போகவில்லை. இஷாத் தொழுகைக்குப் பிறகு இவரும் தன் பாயைக் கொண்டுவந்தார். நடுவில் கார் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, சுவரோரம் ஒடுங்கிப் படுத்தார். மவுத்தாகும்வரை அப்படித்தான் படுத்தார்.

நான் நடுவில்தான் படுத்தேன். இன்றும் அங்கேதான் படுக்கிறேன்.