அவளுக்காக நான் சொன்ன பதில்கள்

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷனும் கீமோவும் முடிந்து அவள் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அசதி வந்தது. அதுவரை ஓடிக்கொண்டே இருந்ததில் தெரியவில்லை.

ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தினம் இரண்டு வேளை சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். ஒரு கழியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஆவடியிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு ரயில், இரண்டு பஸ் என்பதால், பிசியோதெரபி பார்க்கும் பெண் செவ்வாய்தோறும் வீடியோ காலில் வருவார்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஷிப்ட் முடிந்து, ரயிலில் நின்றுகொண்டே வந்து, முகம்கூடக் கழுவாமல் அவள் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன்.

"அக்கா, டெய்லி செய்றீங்களா?"

"செய்றாங்க மேடம்" என்பேன் நான்.

"வலி இருக்கா?"

"பரவால்ல மேடம்."

உண்மையில் பத்து நாளாக அவள் ஒரு வேளைகூட முழுதாகச் செய்யவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்தாவதிலேயே கையை இறக்கிவிட்டுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பொய் சொன்னால் வீடியோ கால் சீக்கிரம் முடியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் செவ்வாயன்று கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் அந்தப் பெண். முன்பு வந்த உயரம்கூட வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணா, போனை அக்கா கையில குடுங்க. நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்களேன்" என்றார்.

வெளியே போய் மாடிப்படி அருகில் நின்றேன். உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது.

"வலிக்குதுதான், ஆனா அதுக்காக இல்லம்மா" என்றாள் என் மனைவி. "அந்தாளு வேலைக்குப் போய்ட்டு வந்து, மூஞ்சி தொங்கிப் போயி, என் எதுருல நின்னு எண்ணிகினு கீறாரு. கை ஏறலன்னா அவருக்கு உசுரே போவுது. அத்தப் பாக்க முடியல."

"அவர் வீட்ல இல்லாதப்போ செய்வீங்களா?"

"செய்வேன். எவ்ளோ ஏறுதோ ஏறட்டும். யாரும் எண்ணக் கூடாது."

"சரிக்கா. பதினோரு மணிக்கு மெசேஜ் போடுறேன். முடிச்சதும் ஒரு வாய்ஸ் அனுப்புங்க. முடியலன்னா முடியலன்னே சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை மாதம் இவளை யார் பார்த்துக்கொண்டது? பிறகு, நாளையிலிருந்து எண்ண வேண்டாம் என்பது உறைத்தது. படியில் உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. அவள் வந்து தட்டித்தான் எழுப்பினாள்.

"கேட்டுகினு இருந்தியா?"

"கேட்டேன்."

"கோச்சுக்காதய்யா."

"இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு வேலையில் இருக்கும்போது பதினோரு மணியானால் மனம் வீட்டுக்குப் போகும். ஆனால் போய் எதுவும் கேட்க மாட்டேன். சில நாள் 'முடியல' என்று மட்டும் அனுப்பியதாக அவளே பிறகு சொன்னாள். இரண்டு மாதத்தில் கை காது வரை வந்தது. முழுதாக இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம் என்கிறார் அந்தப் பெண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல மாதத்துக்குப் பிறகு ஜாக்கெட்டைத் தானே போட்டுக்கொண்டு புடவையில் வந்து நின்றாள். ஒரு ஹூக் மாறி மாட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. இட்லி சாப்பிட்டோம். பிறகு, செய்வதற்கு எவ்வளவோ வேலை இருந்தும், இருவரும் மறுபடி போய்ப் படுத்துவிட்டோம்.