போட்டிக்குக் கொடுத்த பஸ்

எங்கள் பணிமனைக்கு அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. பல மாநிலங்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஊட்டிக்கு ஓடவும் தாண்டவும் எறியவும் வரப்போகிறார்கள். ஐந்து நாள் போட்டி. ஊட்டியில் அறைகள் போதாமல் பாதிப் பேருக்குக் குன்னூரிலும் வெலிங்டனிலும் தங்க இடம் பிடித்திருந்தார்கள். காலை ஏழரைக்கு எல்லோரும் ஊட்டி மைதானத்தில் இருந்தாக வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பஸ். பன்னிரண்டையும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

நான் அங்கே டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊருக்குக் கிளம்புகிறது, எப்போது திரும்புகிறது என்று பார்க்கிற வேலை. சும்மா நிற்கிற வண்டி எங்களிடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் பட்டறையில். ஓர் ஊருக்குக் கொடுக்க வேண்டுமானால் இன்னோர் ஊரிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஊரே அந்தச் சமயத்தில் நிலைகொள்ளாமல் இருந்தது. சாலையில் குழிகளை அடைத்தார்கள், அடைத்த இடத்தையே குழாய் பதிக்க மறுபடி தோண்டினார்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டால் மத்தியானம் மழை வந்து கரைத்துவிட்டுப் போகும். மறுநாள் அதே ஆட்கள் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தள்ளுவண்டிக்காரர்கள் ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று விரட்டப்பட்டார்கள். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பணிமனைக்கும் பஸ் நிலையத்துக்கும் மைதானத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். போன் அடிக்காத நேரத்திலும் அடிப்பது போலிருக்கும்.

ஒத்திகைக்கு ஒரு நாள் குன்னூரிலிருந்து வெறும் பஸ்ஸை ஓட்டிப் பார்த்தோம். ஓட்டியவர் எங்களிடம் பழைய டிரைவர்; ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடம்தான் பாக்கி. நான் முன் சீட்டில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சாலையை நிறைத்திருந்தார்கள். எல்லநள்ளியில் கேரட் லாரி ஒன்று குறுக்கே நின்றது. மைதானத்தை அடைந்தபோது இருபது நிமிடம் தாமதம்.

“கடியாரத்தையே பாத்தா வண்டி ஓடுமாங்க அம்மணி?” என்றார் டிரைவர். “ரோட்டைக் காலி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. அப்பறம் ஓட்டிக் காட்டறேன்.”

அதன்படியே ஏற்பாடானது. போட்டி நாட்களில் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை குன்னூர்ச் சாலையில் மற்ற பஸ்களையும் லாரிகளையும் நிறுத்திவைப்பதென்று முடிவு செய்தார்கள். இனி பாக்கி இருந்தது பன்னிரண்டு வண்டிகளை எங்கிருந்து எடுப்பது என்பதுதான்.

மலைக் கிராமங்களுக்குப் போகும் கடைசி பஸ் அங்கேயே தங்கி, விடியுமுன் அந்த ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கு வரும். ஹால்ட் வண்டி என்போம். அவற்றில் சிலவற்றை எடுத்தால்தான் கணக்கு சரியாக வந்தது. எமரால்டு ஹால்ட் வண்டியையும் பட்டியலில் எழுதினேன். அது எங்கள் ஊர் வண்டி. அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து தங்கிய இடம் அது. அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்; அந்த வண்டியில்தான் ஊட்டிக்கு லாட்ஜ் வேலைக்கு வருவாள். எழுதும்போது அவளை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன், எழுதினேன்.

மறுநாளே போன் செய்தாள்.

“ஏன் புள்ள, நம்ம வண்டி அஞ்சு நாளைக்கு வராதாமே? கண்டக்டர் சொல்றாரு.”

“ஆமாக்கா. போட்டிக்குப் போகுது.”

“எங்க லாட்ஜுல பூராம் அந்தப் போட்டிக்கு வர்ற ஆளுங்கதான். ஆறரைக்கெல்லாம் சுடுதண்ணி வைக்கோணும். எட்டு மணி பஸ்ஸுல வந்து நான் என்னத்தச் செய்ய? வேற ஆளப் போட்டுக்குவாங்க.” பிறகு கேட்டாள்: “இத யாரு எடுத்தது?”

நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அன்று முழுக்கப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எமரால்டிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு அதே வண்டியைக் குன்னூருக்கு அனுப்பலாமா என்று நேரத்தைக் கூட்டிக் கழித்தேன். முடியாது. ஊட்டிக்கு வரவே ஆறே கால் ஆகிவிடும். மேலாளர் அறைக்குப் போய் எமரால்டு வண்டியை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

“எனக்குப் பன்னெண்டு வேணுங்க” என்றார். “எது பன்னெண்டுன்னு நீங்களே சொல்லுங்க.”

குன்னூர்ச் சாலையிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு சின்ன ஊர். பெயரை எழுத இன்னமும் எனக்குக் கை வரவில்லை. அங்கே போகும் ஹால்ட் வண்டியை எழுதி எமரால்டை அடித்தேன். அவர்களுக்கு ஏழே முக்காலுக்கு இன்னொரு பஸ் இருக்கிறது, மெயின் ரோடும் பக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் மெயின் ரோட்டில் எந்த பஸ்ஸும் ஓடாது என்பது எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த கூட்டத்தில்தான் அதை முடிவு செய்தார்கள்.

முதல் நாள் காலை குன்னூரிலிருந்து கிளம்பிய கடைசி போட்டி பஸ்ஸில் நான் ஏறிக்கொண்டேன். பழைய டிரைவர்தான் ஓட்டினார். வடக்கேயிருந்து வந்த பெண் பிள்ளைகள். குளிருக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தார்கள். பின்பக்கம் பாதி சீட் காலி. அருவங்காடு தாண்டி ஒரு வளைவில், பனிமூட்டத்துக்குள் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். கையில் சாப்பாட்டுப் பை. அந்தச் சின்ன ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் இறக்கத்தில் நடந்து வந்திருக்க வேண்டும். சேலை ஓரமெல்லாம் ஈரம். எங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் கை நீட்டினார்கள்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். “நிறுத்தட்டுங்களா?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “வேண்டாங்கண்ணா. போங்க.”

அவர் கியரை மாற்றினார். ஏழு இருபத்தெட்டுக்கு மைதானம் சேர்ந்தோம். மேலாளர் என் தோளுக்கு மேலாகப் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் ஓடினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எந்த ஓட்டமும் கண்ணில் நிற்கவில்லை. ஒரு வரிசையிலிருந்து எழுந்து இன்னொரு வரிசைக்குப் போனேன். டீ வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டேன். சாயங்காலம் அக்கா போன் செய்து, “வண்டி வந்துருச்சு புள்ள. நல்ல வேளை” என்றாள்.

இரண்டாம் நாளும் அவர்கள் அதே வளைவில் நின்றார்கள். இந்த முறை கை நீட்டவில்லை. பஸ் வரும் திசையைக்கூட அவர்கள் பார்க்கவில்லை.

“அண்ணா, நிறுத்துங்க.”

வண்டி நிற்பதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார். பெண்கள் தயங்கினார்கள். “போட்டி வண்டியாச்சுங்களே” என்றாள் ஒருத்தி. ஏறச் சொன்னேன். ஒரு வயதான அம்மாவுக்குப் படி ஏற நேரம் பிடித்தது. முன்னால் இருந்த பிள்ளை ஒன்று தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டது. கழுத்தில் மப்ளர் சுற்றிய பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊட்டியில் ஒரு துணிக்கடையில் வேலை என்றாள். நேற்று ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர்ந்தாளாம்.

“எங்க வண்டிய யாருங்க நிறுத்துனது? கேட்டா ஆளாளுக்கு மேலன்னு கையக் காட்டறாங்க.”

“நான்தான்” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்போ நேத்து நிறுத்தாமப் போனதும் நீங்கதானா?”

“ஆமா.”

அதற்குப் பிறகு ஊட்டி வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு நிமிடம் தாமதம். பயிற்சியாளர் ஒருவர் புகார் செய்தார். அன்றே விளக்கம் கேட்டு எனக்கும் டிரைவருக்கும் மெமோ வந்தது. வழியில் பயணிகள் நின்றிருந்தார்கள், ஏற்றினோம், நிறுத்தச் சொன்னது நான், டிரைவர் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் குன்னூரிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வைத்தேன். அரைத்தூக்கத்தில் ஏறிய பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். மற்ற மூன்று நாளும் அந்த வளைவில் நின்றோம். ஒரு நாளும் தாமதமில்லை. எச்சரிக்கையோடு என் மெமோவை முடித்தார்கள். டிரைவரை விட்டுவிட்டார்கள்.

போட்டி முடிந்து கொடிகளைக் கழற்றினார்கள். எல்லா ஹால்ட் வண்டியும் அதனதன் ஊருக்குத் திரும்பியது, அந்தச் சின்ன ஊர் வண்டியைத் தவிர. அது பிரேக் வேலைக்காகப் பட்டறைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. தினமும் காலையில் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். பாகம் வரவில்லை என்றார்கள். மேலாளரிடம் வேறு வண்டி கேட்டேன், இரண்டு முறை எழுதியும் கொடுத்தேன். “போட்டி முடிஞ்சும் நீங்க இன்னும் ஓடிக்கிட்டே இருக்கீங்களே” என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வண்டி சரியானது.

பழுது நீங்கி அது முதலில் அந்த ஊருக்குப் போன சாயங்காலம் நானும் போனேன். மப்ளர் போட்ட பெண்ணும் அதில் வந்தாள். இறங்கும்போது என் சீட்டருகே நின்றாள்.

“இனி எப்ப நிறுத்தறதா இருந்தாலும் முன்னாடியே சொல்லீருங்க” என்றாள். “நாங்களும் ஆளுங்கதானுங்களே.”

சொல்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் இறங்கிப் போகும்போது, குளிர் ஏறுது, ஜன்னலைச் சாத்திக்கங்க என்றாள்.

அடுத்த ஞாயிறு எமரால்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய பஸ்ஸை முதலில் எடுத்தது நான், பிறகு அவளுக்காக வேறு ஊர் வண்டியை எடுத்ததும் நான் என்று சொன்னபோது அவள் கை நின்றுவிட்டது.

“என்னையக் கேட்டிருந்தா, அவங்கள விட்டுட்டு எனக்குக் குடுன்னு சொல்லியிருப்பனா?” என்றாள்.

நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். பிறகு அவளே, “சொல்லியிருப்பேன்தான்” என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள்.