அண்ணன் பெயரில் ஒரு நீர்மூழ்கி

பெயிண்டை இளக்குகிற தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் பல் கூசும். கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிற எந்த வீட்டைக் கடந்து போனாலும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பேன். கூட வருகிறவர்கள் எனக்கு ஆஸ்துமா என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதினொரு வயது. ஜவ்வாது மலையில், நெல்லிவாசலையும் தாண்டி நடந்தே போகவேண்டிய ஓர் ஊரில் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள். சாமை விதைத்துப் புளி உலுக்குகிற மலைக்காரர்களுக்கு நடுவே, பள்ளியை ஒட்டிய ஓட்டு வீட்டில் இருந்தோம். அண்ணன் அந்தோணி என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அம்மாவின் தம்பி சூசை மாமா கடற்படையில், நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தார். அந்தக் கோடையில் விடுப்பில் வந்தவர், பயிற்சிக்காக ரஷ்யாவுக்குப் போனபோது வாங்கியது என்று ஓர் அட்டைப்பெட்டியை அண்ணன் கையில் கொடுத்தார். எனக்கு இரண்டு முழம் சிவப்பு ரிப்பன்.

பெட்டிக்குள் ஒரு நீர்மூழ்கி துண்டு துண்டாக இருந்தது. நெடுக்காகப் பிளந்த உடலின் இரண்டு பாதிகள், நடுக்கோபுரம், சுக்கான், சுண்டுவிரல் நகத்தளவு விசிறி எல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில், கொடியில் அவரைக்காய் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. செய்முறைத் தாளில் இருந்த எழுத்து எங்கள் யாருக்கும் புரியவில்லை; படங்களைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். கப்பலுக்கு ஜன்னல் எங்கே என்று அண்ணன் தேடினான். "ஜன்னலே கெடயாதுடா. உள்ள பூந்துட்டா வெளிய பகலா ராவான்னே தெரியாது," என்றார் மாமா. அப்படியானால் வெளியே பார்க்க அது எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். கேட்டது நான், அவர் அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னார். மேலே கறுப்பு, தண்ணீருக்குள் இருக்கிற பாகம் மங்கிய சிவப்பு, விலாவில் இருக்கிற துளைகளிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து வடிந்து துருக்கோடுகள் இறங்கியிருக்கும், ஆட்கள் கால் வைத்து நடக்கிற இடம் மட்டும் தேய்ந்து இரும்பு பளபளக்கும் என்று சொன்னார். ஒரு சொல் விடாமல் மனத்தில் வாங்கிக்கொண்டேன்.

பெட்டியிலிருந்த பசை காய்ந்து கல்லாகியிருந்தது. அண்ணன் கோந்து போட்டுப் பார்த்தான், சோற்றுப் பருக்கையை வைத்து அழுத்திப் பார்த்தான். ஒட்டின பாதிகள் கை எடுத்ததும் வாய் பிளந்தன. மூன்றாம் நாள், "எனுக்கு வேணாம். நீயே வெச்சுக்க," என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மாங்காய் அடிக்கப் போய்விட்டான்.

விடுமுறையில் பள்ளி ஜன்னல்களுக்கு வர்ணம் அடிக்கச் செங்கத்திலிருந்து ஒரு பெயிண்டர் வந்து தங்கியிருந்தார். அவர் பிரஷ் கழுவிய தின்னரில் ஒரு சொட்டு, நான் கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் தெறித்தது. துடைக்கப் போனால் பிளாஸ்டிக் இளகி விரலில் ஒட்டிக்கொண்டது. வேறு பசை எதற்கு? பழைய மைப்புட்டியில் கொஞ்சம் தின்னர் கேட்டு வாங்கினேன். கறுப்பும், ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடும் டப்பா மூடியில் ஊற்றிக் கொடுத்தார். தேய்ந்துபோன பிரஷ் ஒன்றைக் கேட்டதும், "இன்னாத்துக்கு பாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தந்தார்.

அந்த ஏப்ரல், மே முழுதும் காலியான வகுப்பறையில் அப்பாவின் மேசைதான் என் கப்பல்பட்டறை. அம்மா புளி உடைக்கக் கூப்பிடும்போது போய் உடைத்துவிட்டு ஓடி வருவேன். இணைப்பு தெரிந்த இடத்தில் பெயிண்டர் மர இடுக்கை அடைக்கிற 'பட்டி'யை அப்பி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் கோடு தட்டுப்படாத வரைக்கும் விடவில்லை. முகப்பில் குண்டு பாயும் வாய்களை ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் துளைத்தேன். கோபுரத்துக்கு மேல் நிற்கவேண்டிய கம்பி பெட்டியில் வரும்போதே முறிந்திருந்தது. மிச்சமான சட்டத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, இளகும் நேரம் பார்த்து இரண்டு பக்கமும் இழுத்தால், அது நூலாக நீண்டு இறுகுவதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரும் சொல்லித் தராமல் நானே கண்ட முதல் விஷயம் அது. பிரஷ்ஷில் நாலே நாலு மயிரை விட்டு மற்றதை வெட்டி எறிந்துவிட்டு, மாமா சொன்ன துருக்கோடுகளை ஒவ்வொரு துளையின் கீழும் இறக்கினேன். தினமும் அப்பா வந்து பார்ப்பார். மேசையைத் திரும்பக் கேட்கவில்லை.

ஜூன் பிறக்கிற சமயம், கீழே விடுதியோடு ஆண்கள் பள்ளி நடத்திய பாதிரியார் ஒருவர் ஜீப்பில் வந்தார். பாதிரியாரை எங்கள் பக்கம் 'சாமி' என்போம். மலையிலிருந்து ஒரு பையனைச் செலவில்லாமல் சேர்த்துக்கொண்டு படிக்கவைப்பதாகச் சொன்னார். வகுப்பறையில் வைத்து அண்ணனைக் கணக்குக் கேட்டார். மூன்று கேட்டார், மூன்றும் தப்பு. அப்பா தலை குனிந்து நின்றார். எழுந்திருக்கப் போன சாமியின் கண் மேசையில் இருந்த நீர்மூழ்கியில் பட்டது. கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார்.

"நம்ம பெரியவன் பண்ணதுங்க, சாமி," என்றார் அப்பா.

இந்தக் கம்பியை இவ்வளவு மெல்லிசாக எப்படிச் செய்தாய் என்று சாமி அவனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். அப்பாவும் பார்த்தார். அப்பாவின் கண்ணில் அதட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"மெழுகுவத்தில காட்டி இழுத்தான், சாமி. அண்ணன்தான்," என்றேன்.

இழுத்தேன் என்று சொல்லவேண்டிய வாய் இழுத்தான் என்றது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். சாமி அண்ணனின் தோளைத் தட்டினார். கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், இந்தக் கை எல்லோருக்கும் வராது என்றார். பள்ளியில் எல்லாரும் பார்க்க வைக்கவேண்டும் என்று கப்பலையும் எடுத்துவரச் சொன்னார். உடையாமல் இருக்கப் பழைய சேலைத்துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தவளும் நான்தான்.

ஜீப் போன பிறகு அடுப்படியில் போய் அழுதேன். அம்மா ராகி மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. "நீ சொல்லியிருந்தா மட்டும் உன்னியா கூட்டினு போயிருப்பாங்க? அது ஆம்பளப் பசங்க ஸ்கூலு," என்றாள். அது உண்மை. அதனால்தான் எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியாமல் போயிற்று.

சூசை மாமாவிடமாவது சொல்லலாம் என்று அடுத்த விடுப்புக்காகக் காத்திருந்தேன். அப்பா முந்திக்கொண்டு அண்ணன் செய்தது என்று சொல்லிவிட்டார், மாமா அண்ணனுக்குத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிவிட்டார். எட்டாவதுக்கு மேல் படிக்கச் செங்கத்துக்கு இறங்கவேண்டும். பெண்ணைத் தனியே அனுப்ப முடியாது என்று அப்பா சொன்னதோடு என் படிப்பு நின்றது. அதன்பின் அவர் சாகும்வரை அந்தக் கப்பலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

அண்ணன் இன்ஜினியராகி, ஓய்வும் பெற்று, வேலூரில் வீடு கட்டி இருக்கிறான். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன். சாப்பிடும்போது பேரனிடம், தான் சின்ன வயதில் செய்த நீர்மூழ்கியைப் பற்றிச் சொன்னான். மெழுகுவத்தி, ஊசி, துருக்கோடு எதையும் விடவில்லை. இழுத்தேன், துளைத்தேன், தீட்டினேன் என்று சொல்லிக்கொண்டே போனான். பையன் எழுந்து கைகழுவப் போனதும் முதல்முறையாக வாய் திறந்தேன். "அண்ணா, அத நான் பண்ணேன்."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நீயா? பெயிண்டு வாங்கியாந்து குடுத்தது நீ. அது நல்லா ஞாபகம் இருக்குது."

அண்ணன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். கண் கீழே போகும். போகவில்லை. அண்ணன் படித்த அந்தச் சாமியார் பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்து எத்தனையோ வருஷமாகிறது. கப்பலை வைத்திருந்த கண்ணாடி அலமாரி எங்கே போனதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமா இல்லை. நடந்ததை அறிந்தவர்களில் நாங்கள் இருவர்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ஒருவராகிவிட்டோம்.

அண்ணன் மருமகளைக் கூப்பிட்டு, அத்தைக்கு இன்னும் கொஞ்சம் கறி வைக்கச் சொன்னான். வைத்தாள். போதும் என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.